ரோஸின் ஆட்டமும் முள்ளியவளையின் ஓட்டமும்

கேள்வி: 'சார்பட்டா பரம்பரை' படத்தில் எல்லோரும் குத்துச்சண்டைதான் போடுகிறார்கள். ஆனால் ஆளுக்கொரு நோக்கம் தெரிகிறதே? (வாசகர், கிளிநொச்சி)

பதில்: கையுறை ஒன்றுதான், கைக்குள் இருக்கும் காரணம் வேறு. 2021இல் வெளிவந்த பா. ரஞ்சித்தின் அந்தப் படம் 1970களின் வடசென்னையைக் காட்டுகிறது. நாயகன் கபிலனுக்குத் தன் குரு ரங்கன் வாத்தியாரின் மானமும் பரம்பரையின் பெயரும் பெரிது. எதிராளி வேம்புலிக்கு வெற்றிதான் முகவரி. வாத்தியாரின் மகன் வெற்றிக்கோ அப்பாவின் அங்கீகாரம் வேண்டும். பெயரிலேயே வெற்றி இருந்தும் அவனுக்கு மனநிறைவு இல்லை.

இவர்களுக்கு நடுவே டான்சிங் ரோஸ் வருகிறார். ஷபீர் கல்லரக்கல் நடித்த இந்தப் பாத்திரம் சண்டைக்குள் நடனத்தைக் கொண்டுவருகிறது. எதிரே நிற்பவரிடம் பகை இல்லை, ஆட்டத்தின் மீது ஆசை இருக்கிறது. படத்தில் தோற்றவர் அவர். படம் பார்த்தவர்கள் அதிகம் பேசியதும் அவரைப் பற்றித்தான்!

நம் வன்னியில் ரோஸைப் போல ஆட்டத்தின் மீதான ஆசைக்காகவே களமிறங்கும் ஒருவரைத் தேடினால் முள்ளியவளைக்குப் போகவேண்டும்.

முல்லைத்தீவு மாவட்டத்தின் அந்த ஊரைச் சேர்ந்த அகிலத்திருநாயகி அம்மா, 2023இல் பிலிப்பைன்ஸில் நடந்த மூத்தோர் தடகளப் போட்டியில் 72 வயதில் ஓடினார். 1500 மீற்றர் ஓட்டத்திலும் 5000 மீற்றர் வேகநடையிலும் தங்கம், 800 மீற்றரில் வெண்கலம். போரும் இடப்பெயர்வும் பார்த்த மாவட்டத்திலிருந்து, பலர் முழங்கால் வலியைப் பேசும் வயதில், அவர் மைதானத்துக்குப் போனார்.

ரோஸின் கதையை எழுத ஒரு இயக்குநர் கிடைத்தார். அகிலத்திருநாயகி அம்மாவின் கதையையும் நம் இளம் இயக்குநர் ஒருவர் படமாக்கவேண்டும்.