வண்டி பேசும் சித்தப்பா

ஆட்டோ பிடிக்கலாம், பஸ் ஏறலாம், ரயிலுக்கு டிக்கெட் எடுக்கலாம். வாடகைக் காரை மட்டும் தமிழில் பேசத்தான் வேண்டும். "வண்டி பேசியாச்சா?" என்றுதான் கேட்கிறோம். கல்யாணத்துக்கு மேளம் பேசுவது, பெண்ணுக்கு மாப்பிள்ளை பேசுவது, வீட்டுக்கு விலை பேசுவது என்ற வரிசையில் வண்டியும் சேர்ந்திருக்கிறது. பேசி முடித்த பிறகும் பேச்சு முடியாது என்பதுதான் இந்த வரிசையின் பொதுக்குணம். விமான நிலையத்திலிருந்து ஊருக்கோ லாட்ஜுக்கோ கார் ஏற்பாடு செய்வது மூன்று நிமிட வேலை என்று கைபேசிச் செயலிகள் சொல்கின்றன. அதையே மூன்று நாள் வேலையாக நடத்திக் காட்டுகிற ஒருவர் எல்லாக் குடும்பத்திலும் இருக்கிறார். அவர் அப்பாவாக இருப்பதில்லை; அப்பாவுக்குப் பணம் கொடுக்கிற வேலை. பெரியப்பாவாகவும் இருப்பதில்லை; பெரியப்பாவுக்குக் கோபித்துக்கொள்கிற வேலை. மிச்சம் இருப்பவர் சித்தப்பா. இந்தக் காலத்துக்கு அவர் வேண்டாத ஆள் என்பது படித்த பிள்ளைகளின் கட்சி. அவர் இல்லாத பயணத்தில் கார் இருக்கும், டிரைவர் இருப்பார், பதில் சொல்ல மட்டும் யாரும் இருக்க மாட்டார்கள் என்பது என் கட்சி.

சித்தப்பா எந்த ஊரிலும் முளைப்பார் என்றாலும், அவர் நன்றாகச் செழிக்கிற மண் குடுபல்லி. சித்தூர் மாவட்டத்தில் குப்பத்துக்குப் பக்கத்தில், ஆந்திரமும் தமிழ்நாடும் கர்நாடகமும் முட்டிக்கொள்ளும் மூலை அது. சென்னை–பெங்களூர் ரயில் பாதையில் அதற்கென்று ஒரு ஸ்டேஷன் உண்டு. பெரிய ரயில்கள் அதைத் திரும்பிப் பார்க்காமல் போய்விடும். ஆகாய மார்க்கம் இன்னும் விசேஷம். சொந்த மாவட்டத்தில், ரேணிகுண்டாவில், ஒரு விமான நிலையம் இருந்தது. 2015-ல் அதற்குப் புது முனையம் திறந்தார்கள். 2017-ல் பன்னாட்டு விமான நிலையம் என்ற பட்டமும் கிடைத்தது. 2022 ஏப்ரல் 4-ம் தேதி திருப்பதி தனி மாவட்டமானபோது, பாகப்பிரிவினையில் பெரிய அண்டா தம்பி வீட்டுக்குப் போவதுபோல விமான நிலையம் அந்தப் பக்கம் போயிற்று. குடுபல்லிக்காரர்கள் இதற்காக அழுததாகத் தெரியவில்லை. ரேணிகுண்டா 150 கிலோமீட்டருக்கு மேல். தேவனஹள்ளியில் இருக்கும் பெங்களூர் விமான நிலையமோ சுமார் 120. வளைகுடாவிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் வருகிற பிள்ளைகள் பெரும்பாலும் இறங்குவதும் அங்கேதான். 2008 மே மாதத்துக்கு முன்னால் அது பெங்களூருக்குள், எச்.ஏ.எல். வளாகத்தில் இருந்தது, ஓசகோட்டை வழியாகப் போனால் நகரத்தின் இந்தப் பக்கத்திலேயே வந்துவிடும். அதைத் தூக்கி வடக்கே வைத்த நாளிலிருந்து சித்தப்பாவின் பொறுப்பு இன்னும் கூடிவிட்டது. ஆக, சொந்த ஊர் ஒரு மாநிலம், இறங்குகிற இடம் வேறு மாநிலம், பேசுகிற மொழி மூன்றாவது மாநிலத்துடையது. இப்படி ஒரு பயணத்தை ஒரு பொத்தானை அழுத்தி முடித்துவிடலாம் என்று நினைக்கிறவர்தான் உண்மையில் வேடிக்கையான மனிதர்.

செயலி இருக்கும்போது சித்தப்பா எதற்கு என்ற கேள்வியை முதலில் எடுத்துக்கொள்வோம். செயலியில் வண்டி கேட்டால் நொடியில் ஒரு டிரைவர் ஒப்புக்கொள்வார். அடுத்த நொடி போன் வரும்: "டிராப் எங்கே சார்?" குடுபல்லி என்றதும் ஒரு மௌனம். அதற்குப் பிறகு அந்த வண்டி திரையிலிருந்து மறைந்துவிடும். டிரைவரைக் குறை சொல்ல முடியாது. ராத்திரி மூன்று மணிக்குக் குடுபல்லியில் ஆளை இறக்கிவிட்டால், அங்கிருந்து பெங்களூருக்கு ஏறுவதற்கு எந்தச் சவாரி காத்திருக்கும்? 120 கிலோமீட்டர் காலி வண்டியை ஓட்டிக்கொண்டு வர வேண்டும். அதனால்தான் இந்தத் தொழிலில் ஒரு வழிப் பயணத்துக்கும் போக வரக் கணக்குப் போட்டு வாங்கும் வழக்கம் இருக்கிறது; ஒரு நாளைக்குக் குறைந்தது 250 அல்லது 300 கிலோமீட்டர், டிரைவர் பேட்டா தனி, டோல் தனி, பார்க்கிங் தனி. இந்தக் கணக்கை உடைக்க ஒரே ஒரு ஆயுதம்தான் உண்டு. அதன் பெயர் ரிட்டர்ன் வண்டி. குப்பத்திலிருந்து இன்று ராத்திரி யாரையாவது ஏற்றிக்கொண்டு ஏர்போர்ட்டுக்குப் போகிற வண்டி, திரும்பும்போது காலியாகத்தான் வரும். அந்த வண்டி எது, யாருடையது, எத்தனை மணிக்கு இறக்கிவிடும் என்பது எந்தச் செயலிக்கும் தெரியாது, சித்தப்பாவுக்குத் தெரியும். டீக்கடையில் இரண்டு மணி நேரம் வீணாக உட்கார்ந்திருக்கிறார் என்று வீட்டில் சொல்வார்களே, அந்த நேரத்தில்தான் இந்தத் தகவல் சேருகிறது. பெரிய கம்பெனிகள் இதற்குச் சம்பளம் கொடுத்து ஆள் வைத்திருக்கின்றன.

அடுத்தது போர்டு. "வண்டி என்ன போர்டு?" என்பதுதான் சித்தப்பாவின் முதல் கேள்வி, மற்றவர்கள் ஏ.சி. இருக்கிறதா என்று கேட்கிற இடத்தில் அவர் இதைக் கேட்பார். மஞ்சள் போர்டு என்றால் வாடகை வண்டி, வெள்ளை போர்டு என்றால் சொந்த உபயோகத்துக்கு. வெள்ளை போர்டு மலிவு, ஆனால் வழியில் மறித்தால் "நாங்க எல்லாம் சொந்தக்காரங்க" என்று டிரைவரையும் உறவாக்கிப் பொய் சொல்ல வேண்டியிருக்கும். மஞ்சள் போர்டிலும் பர்மிட் எத்தனை மாநிலத்துக்கு என்று பார்க்க வேண்டும். சுற்றுலா வண்டிகளுக்கு இந்தியா முழுவதற்கும் ஒரே அனுமதியை இணையத்தில் வாங்கும் முறை 2021 ஏப்ரலில் வந்தது. அதை எடுக்காத வண்டிக்காரர் "பார்டர் வரைக்கும் வரேன்" என்பார். பயணிக்கு பார்டரில் என்ன வேலை? நடுச்சாமத்தில் இரண்டு பெட்டியோடும் ஒரு டி.வி.யோடும் மாநில எல்லையில் இறங்கி நின்று, எதிர்ப்பக்கத்திலிருந்து இன்னொரு வண்டி வரும் என்று காத்திருக்கலாம், அவ்வளவுதான்.

இவருடைய கலையின் உச்சம் வண்டி கிளம்பிய பிறகு தெரியும். உலகத்தின் எந்த மூலையிலும் இந்தத் தொழிலில் ஒரே கேள்விதான்: எங்கே இருக்கிறீர்கள்? கர்நாடக வண்டி என்றால் "எல்லித்தீரா?", திருப்பதி வண்டி என்றால் "எக்கட உன்னாரு?", வாணியம்பாடி வண்டி என்றால் "எங்கப்பா இருக்க?" பதிலும் ஒன்றுதான். "பர்தா இத்தீனி", "வச்சேஸ்துன்னா", "வந்துட்டே இருக்கேண்ணா". மூன்று மொழியிலும் நிகழ்காலம். மூன்றிலும் பொருள் எதிர்காலம். சித்தப்பா இலக்கணம் படித்தவரல்ல, இருந்தாலும் இந்த நிகழ்காலத்தை எந்த விகிதத்தில் நம்ப வேண்டும் என்று அவருக்குத் தெரியும். பின்னால் குக்கர் சத்தம் கேட்டால் வண்டி இன்னும் வீட்டு வாசலில் நிற்கிறது. லாரி ஹாரன் கேட்டால் கிளம்பிவிட்டது. ஒன்றுமே கேட்கவில்லை என்றால் டிரைவர் படுத்துக்கொண்டு பேசுகிறார். வரைபடத்தில் ஊர்கிற புள்ளியைப் பார்த்தால் போதாதா என்று கேட்பவர்களுக்கு ஒரு பதில்: புள்ளி நின்றால் நின்றது தெரியும், தூங்குகிறதா டீ குடிக்கிறதா என்று தெரியாது. இன்னொரு பக்கம் விமானமும் அவருடைய கண்காணிப்பில்தான் வருகிறது. விமானங்களைத் தடம் காட்டும் செயலியைப் பேரன் போனில் இறக்கிக் கொடுத்திருக்கிறான். அரபிக்கடல் மேலே ஒரு மஞ்சள் நிறக் குட்டி விமானம் நகர்வதைப் பார்த்துக்கொண்டு, "மெதுவாத்தான் வரான்" என்று விமானியையும் வாடகை டிரைவர் கணக்கில் சேர்த்துவிடுவார்.

வந்து இறங்குகிறவர் நேராக ஊருக்கு வராமல், முதலில் திருப்பதியில் லாட்ஜ் போட்டு, வேண்டுதலை முடித்துவிட்டு வருகிறேன் என்றால் சித்தப்பாவுக்குத் திருவிழா. தேவனஹள்ளியிலிருந்து கோலார், முல்பாகல், நங்கலி தாண்டி, பலமனேர், சித்தூர் வழியாகச் சுமார் 250 கிலோமீட்டர். இங்கே இரண்டு இடத்தில் பயணிகள் தவறு செய்கிறார்கள். முதல் தவறு, "ஹோட்டல்ல விட்டுடுங்க" என்பது. இந்தப் பக்கத்து டிரைவருக்கு ஹோட்டல் என்றால் இட்லி கிடைக்கிற இடம். அறை கிடைக்கிற இடம் லாட்ஜ். ஹோட்டல் என்றால் பலமனேரில் ஒன்று, சித்தூரில் ஒன்று என்று அவர் நிறுத்திக்கொண்டே போவார், அவர் மேல் பிழை இல்லை. இரண்டாவது தவறு, லாட்ஜின் பெயரை மட்டும் சொல்வது. திருப்பதியில் பாலாஜியும் சீனிவாசனும் வெங்கடேசுவரனும் கோவிந்தனும் இல்லாத பெயர்ப்பலகையைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். தேவஸ்தானமே நடத்துகிற தங்குமிடங்களில் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருப்பது சீனிவாசம், ரயில் நிலையத்துக்கு எதிரே இருப்பது விஷ்ணு நிவாசம். பெருமாளின் ஆயிரம் நாமங்களில் எது எந்தத் தெருவில் இருக்கிறது என்று வெளியூர்க்காரருக்கு எப்படித் தெரியும்? சித்தப்பா லாட்ஜின் பெயரைச் சொல்லவே மாட்டார். எதிரே என்ன கடை, பக்கத்தில் எந்த மெடிக்கல் ஷாப் என்றுதான் சொல்வார். நேரத்தையும் அவர் தலைகீழாகத்தான் கணக்கிடுவார். நள்ளிரவுக்கு மேல் மலைப்பாதையைச் சில மணி நேரம் மூடிவிடுவார்கள். அலிபிரியில் பெட்டியை எல்லாம் இறக்கிச் சோதிப்பார்கள். எனவே தரிசன நேரத்திலிருந்து பின்னோக்கி வந்து, காணிப்பாக்கத்துப் பிள்ளையாருக்கு அரை மணி, டிரைவரின் டீக்கு மூன்று தடவை, டயருக்கு ஒரு தடவை என்று கழித்து, கடைசியில் விமானம் எத்தனை மணிக்கு இறங்கியிருக்க வேண்டும் என்று சொல்வார். விமானக் கம்பெனிதான் ஒத்துழைக்காது.

பெயர்ப்பலகை பிடித்துக்கொண்டு டிரைவர் நிற்பாரே, அந்த முறைக்கு என்ன குறை என்று கேட்கலாம். தனியார் கார் சேவைகள் செய்கிற ஏற்பாடு அது: விமான எண்ணை முன்பே வாங்கிக்கொள்வார்கள், தாமதமானால் குறிப்பிட்ட நேரம் இலவசமாகக் காத்திருப்பார்கள், வெளியே வரும்போது உங்கள் பெயர் அட்டையில் இருக்கும். உங்கள் பெயரா என்பதுதான் பிரச்சினை. தமிழனுக்கு இனிஷியல் உண்டு, குடும்பப் பெயர் கிடையாது. பாஸ்போர்ட் விடாமல் கேட்பதால் அப்பா பெயரைக் கடைசிப் பெயராக எழுதி வைக்கிறோம். அதைப் பார்த்து எழுதிய அட்டையில் "மிஸ்டர் கோவிந்தசாமி" என்று இருக்கும். கோவிந்தசாமி காலமாகிப் பத்து வருஷம் ஆகியிருக்கும். மகன் தன் பெயரைத் தேடிக்கொண்டு அந்த அட்டையைத் தாண்டி இரண்டு முறை போவார். டிரைவர் கோவிந்தசாமியைத் தேடிக்கொண்டு நிற்பார். வடநாட்டு வழக்கத்துக்கும் மேல்நாட்டு வழக்கத்துக்கும் தைத்த சட்டை நம் உடம்பில் இப்படித்தான் உட்காரும். சித்தப்பா இந்தக் குழப்பத்துக்கே இடம் வைப்பதில்லை. ஆளுக்கு வண்டி நம்பர், வண்டிக்காரருக்கு ஆள் போட்டோ. போன வருஷத்துக் கல்யாண போட்டோதான், பட்டு வேட்டியோடும் மாலையோடும் இருக்கும். ஏர்போர்ட்டில் அரைக்கால் சட்டையோடு வருகிறவரை அதை வைத்து டிரைவர் எப்படி அடையாளம் கண்டுபிடிக்கிறார் என்பது எனக்கும் விளங்கவில்லை. ஆனால் கண்டுபிடித்துவிடுகிறார்கள்.

இனி கொஞ்சம் கசப்பான ஆட்சேபம். இவ்வளவும் சும்மாவா செய்கிறார், கமிஷன் இல்லையா? சில சித்தப்பாக்களுக்கு உண்டு, மறைக்க வேண்டியதில்லை. லாட்ஜ் வரவேற்பறையில் "கார் வேணுமா சார்" என்று கேட்கிறவருக்கும் உண்டு. செயலிக்கும் உண்டு, அது டிரைவரிடமிருந்து கழித்துக்கொள்கிறது. வித்தியாசம், செயலியின் பங்கு போன இடம் தெரியாது. சித்தப்பாவின் பங்கு பெரும்பாலும் அடுத்த வாரம் மருமகளை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போக அதே வண்டி டீசல் காசுக்கு வருவதில் கழிந்துவிடும். அதைவிட வலுவான குற்றச்சாட்டு, அவர் எல்லோருடைய நிம்மதியையும் கெடுக்கிறார் என்பது. இதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. ராத்திரி ஒரு மணிக்கு டிரைவருக்குப் பத்து நிமிஷத்துக்கு ஒரு போன் போட்டால், தூங்கிவிடுவாரோ என்ற பயத்தில் போடுகிற போனே ஓட்டுகிறவரின் கவனத்தைக் குலைக்கும். இந்த விஷயத்தில் சித்தப்பாவை நான் காப்பாற்றப் போவதில்லை. வண்டி நகர்ந்த பிறகு போனைப் பிடுங்கி வைத்துவிடுவதே நல்லது.

ஆனாலும் வண்டி வராத ராத்திரியை நினைத்துப் பாருங்கள். செயலி வருத்தம் தெரிவிக்கும், பணம் ஐந்து முதல் ஏழு வேலை நாட்களில் திரும்பும் என்று செய்தி வரும். அதைத் திட்ட முடியுமா? வாடிக்கையாளர் சேவைக்குப் போன் செய்தால், உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம் என்று ஒரு பெண் குரல் இசையோடு சொல்லிக்கொண்டே இருக்கும். சித்தப்பா பேசிய வண்டி வரவில்லை என்றால் நிலைமை வேறு. அவரை அண்ணன் திட்டுவார், அண்ணி முகத்தைத் திருப்பிக்கொள்வார், அடுத்த பத்து வருஷத்துக்கு எந்தக் கல்யாணத்தில் வண்டி என்ற சொல் வந்தாலும் அன்றைய கதையை எடுப்பார்கள். இந்தப் பயம்தான் அவரை இரண்டாவது வண்டியையும் தயாராக வைக்கச் செய்கிறது. முதல் வண்டிக்காரருக்குத் தெரியாமல் பேசி வைத்திருக்கும் அந்த மாற்று வண்டி பங்காருபேட்டையில் நின்றுகொண்டிருக்கும். எந்தக் கம்பெனியின் ஒப்பந்தத்திலும் இப்படி ஒரு பிரிவு கிடையாது, ஏனென்றால் எந்தக் கம்பெனிக்கும் அண்ணி கிடையாது.

குப்பத்துக்கும் ஒரு விமான நிலையம் வரும் என்று வருஷக்கணக்காகப் பேச்சு இருக்கிறது. அது வந்துவிட்டால் சித்தப்பாவுக்கு வேலை போய்விடும் என்று பிள்ளைகள் சந்தோஷப்படுகிறார்கள். அவருடைய கவலை வேறு. விமானம் வாசலிலேயே இறங்குமானால், கொஞ்ச தூரம்தானே என்று டிரைவர்கள் கடைசி நேரத்தில்தான் கிளம்புவார்கள், கிட்ட இருக்கிற வண்டியை நம்பவே கூடாது என்கிறார். முந்தின நாள் ராத்திரியே வண்டியை வரச்சொல்லி வாசலில் நிறுத்திவிடுவதாக இருக்கிறார். டிரைவருக்குத் திண்ணையில் பாய், பேட்டா தனி.