நானே பாஸ்

ஸ்கூடாயில் எங்கள் தாமான் முனையில் உள்ள மாமாக் கடையில், செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு ஒருவர் மடிக்கணினியைத் திறந்து வைத்து ஒரே ஒரு தே ஓவை ஒரு மணி நேரமாகக் குடிக்கிறார் என்றால், அவர் ஒன்று பென்ஷன்காரர், இல்லையென்றால் அண்மையில் நிரந்தர வேலையை விட்டு ஃப்ரீலான்ஸ் ஆனவர். பென்ஷன்காரர் முகத்தில் நிம்மதி இருக்கும். அதை வைத்துக் கண்டுபிடித்துவிடலாம்.

நம்மாள் இரண்டாவது வகை. பாசிர் கூடாங்கில் ஒரு தொழிற்சாலையில் பதினான்கு வருடம் சேஃப்டி ஆபீசர். ஏணியை நாலடி உயரத்துக்கு ஓரடி தள்ளிச் சாய்க்காவிட்டால் அவருக்குத் தூக்கம் வராது. கோயில் திருவிழாவில் தீ மிதிக்கும் இடத்தில்கூட 'ஃபயர் எக்ஸ்டிங்குவிஷர் எங்கே?' என்று கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டவர். அப்படிப்பட்டவர் ஒரு நாள் ராஜினாமா கடிதம் கொடுத்தார்.

காரணம் ஒரு சட்டம். 1994ஆம் ஆண்டின் வேலையிடப் பாதுகாப்புச் சட்டத்தைத் திருத்தி, 2024 ஜூன் முதல் தேதி நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். ஐந்து பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் இடத்தில் பாதுகாப்புக்கென்று ஓர் ஒருங்கிணைப்பாளர் இருக்க வேண்டும் என்றது அது. "அண்ணே, ஜொகூர்ல எத்தனை பட்டறை, எத்தனை சாப்பாட்டுக் கடை இருக்குன்னு நெனைச்சுப் பாருங்க. எல்லாம் நம்ம கஸ்டமர் லா!" என்றார். அந்த ஒருங்கிணைப்பாளர் அந்தந்த இடத்துத் தொழிலாளர்களில் ஒருவராகவே இருக்க வேண்டும் என்பது அதே வாக்கியத்தில் இருந்தது. அவர் நம்பியிருந்த பட்டறைகள் எல்லாம் தங்கள் கிராணியை மூன்று நாள் வகுப்புக்கு அனுப்பி வேலையை முடித்துக்கொண்டன.

அது பிறகு தெரிந்த கதை. முதலில் கணக்கு. நாளுக்கு 500 வெள்ளி, மாதம் 26 நாள், ஆக மொத்தம் 13,000. கம்பெனியில் வாங்கியது 6,000. கால்குலேட்டரை என் பக்கம் திருப்பிக் காட்டினார். வேலையை விடும்போது 26 என்ற எண்ணை அழுத்தாத ஃப்ரீலான்சர் இந்த நாட்டில் கிடையாது. 26 நாளும் வேலை கிடைத்தவரை நான் இன்னும் சந்திக்கவில்லை.

அவர் மனைவி தமிழ்ப்பள்ளி ஆசிரியை. அரசாங்கச் சம்பளம். விஷயத்தைக் கேட்டு அவர் அழவில்லை, சண்டை போடவில்லை. திருத்திக்கொண்டிருந்த தாள்களில் ஒன்றைப் புரட்டி, ஸ்கேல் வைத்துக் கட்டம் போட்டார். தொழிற்சாலைகளில் ஒவ்வொரு வேலைக்கும் ஆபத்தை மதிப்பிட 'ஹிராரெக்' என்று ஒரு படிவம் உண்டு. பதினான்கு வருடமாகச் சாப்பாட்டு மேசையில் அதைப் பற்றியே கேட்டுக் கேட்டு அவருக்கு மனப்பாடம். ஆபத்து: வேலையை விடுதல். நடக்கும் வாய்ப்பு: 5. பாதிப்பின் கடுமை: 4. பெருக்கினால் 20. பதினைந்தைத் தொட்டாலே சிவப்பு. அடுத்தது, கட்டுப்படுத்தும் வழிகள். அதில் முதல் வழி, ஆபத்தை அடியோடு அகற்றுவது. "அத எழுதிட்டு என்னையே பார்த்தா அண்ணே" என்றார் நம்மாள். வேறு எந்த வழியும் சரிப்படாமல், ஹெல்மெட், கையுறை எல்லாம் வரும் கடைசிக் கட்டத்தில் 'மனைவியின் சம்பளம்' என்று எழுதி, கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார்.

எஸ்எஸ்எம்மில் சொந்தப் பெயரில் பதிந்தால் வருடத்துக்கு 30 வெள்ளி, வியாபாரப் பெயர் வைத்தால் 60. நம்மாள் 60 கட்டினார். பெயரில் 'குளோபல்' உண்டு, 'சொலூஷன்ஸ்' உண்டு. ஆள் மட்டும் ஒருவர். விசிட்டிங் கார்டில் மேனேஜிங் டைரக்டர் என்று போட்டிருந்தது. யாரை மேனேஜ் செய்கிறார் என்று நான் கேட்கவில்லை. அன்றைக்கும் தே ஓவுக்கு நான்தான் காசு கொடுத்தேன். நான் இன்னும் மாதச் சம்பளக்காரன்.

ஒன்று சொல்ல வேண்டும். ஆள் வேலையில் கெட்டி. பெங்கெராங்கில் எண்ணெய் ஆலைகளை ஷட்டவுன் செய்து பராமரிக்கும் காலத்தில் தொடர்ந்து வேலை கிடைக்கும். அப்போது அவர் நடையே வேறு. மற்ற மாதங்களில் ஒன்பது நாள் கிடைத்தால் பெரிது. அந்த ஒன்பது நாள் காசும் கைக்கு வர அறுபது நாள். முன்பெல்லாம் அவர் பயந்தது தொழிற்சாலை மேனேஜருக்கு. இப்போது அக்கவுண்ட்ஸில் இருக்கும் பெண்ணுக்கு. அந்தப் பெண் எப்போது லீவு, பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டுவிட்டதா, எல்லாம் அவருக்குத் தெரியும். "இன்வாய்ஸ்ல பிஓ நம்பர் இல்லியே அங்கிள்" என்று அது ஒரு வார்த்தை சொன்னால் இவருக்கு இரண்டு நாள் சோறு இறங்காது.

கம்பெனி தன் பங்காக 12 விழுக்காடு, அதாவது மாதம் 720 வெள்ளி, இபிஎப்பில் போட்டுக்கொண்டிருந்ததைப் பதினான்கு வருடம் அவர் கவனித்ததே இல்லை. இப்போது தூக்கத்தில்கூட அந்த 720ஐச் சொல்கிறாராம். வருமான வரியிலிருந்து சிபி500 என்று ஒரு கடிதம் வந்தது. இரண்டு மாதத்துக்கு ஒரு முறை, ஆறு தவணை, முன்கூட்டியே கட்ட வேண்டும். "இன்னும் சம்பாதிக்காத காசுக்கு வரியா?" என்று கேட்டுவிட்டு, "பரவால்ல, நான் சம்பாதிப்பேன்னு கவர்மெண்டாவது நம்புது" என்றார்.

விடுமுறை விஷயம்தான் எனக்குப் பிடித்தது. பத்து வருடத்துக்கு மேல் வெள்ளி, சனி வார விடுமுறையாக இருந்த ஜொகூர், 2025 ஜனவரி முதல் தேதி சனி, ஞாயிறுக்குத் திரும்பியது. ஊரே அதைப் பற்றிப் பேசியது. நம்மாளிடம் கேட்டேன். எந்த நாளும் ஞாயிறு, ஞாயிற்றுக்கிழமை மட்டும் வேலை என்றார். தைப்பூசம், சுல்தான் பிறந்தநாள் என்று காலண்டரில் சிவப்பைத் தேடித் தேடி வட்டம் போட்டவர், இப்போது ஒவ்வொரு சிவப்பையும் 500 வெள்ளி அபராதம் மாதிரிப் பார்க்கிறார்.

அவர் அப்பா லாயாங் லாயாங் பக்கம் பால்மரம் வெட்டியவர். 1950களிலும் 60களிலும் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்ற காலத்தில், 'கண்ட்ராக்' என்ற சொல்லைக் கேட்டாலே லயத்து வீடுகளில் அடுப்பு அணைந்துவிடும். வீடு போகும், கோயில் போகும், அன்றாடக் கூலியும் நிச்சயமில்லை. மகனை மாதச் சம்பளக்காரனாகப் பார்க்க அவர் பட்ட பாடு கொஞ்சமல்ல. மகன் கண்ட்ராக் ஆகிவிட்டேன் என்று இனிப்பு வாங்கி வந்து கொடுத்த அன்று, பெரியவர் ஒரு கேள்விதான் கேட்டார்.

"மழை பெஞ்சா சம்பளம் இருக்கா?"

நம்மாளுக்குச் சிரிப்பு. அது அந்தக் காலம் லா, இது கன்சல்டன்சி என்று விளக்கினார்.

போன நவம்பரில் ஒரு காலை நான் அவர் வீட்டு வாசலில் இருந்தேன். கொட்டோ கொட்டென்று மழை. பாதுகாப்பு பூட்ஸ் மாட்டிக் கிளம்பி நின்றவருக்கு சைட்டிலிருந்து போன் வந்தது. மின்னல், கிரேன் எல்லாம் நிறுத்தியாச்சு, இன்றைக்கு வர வேண்டாம். மின்னலடித்தால் வேலையை நிறுத்து என்ற விதியை அந்த சைட்டுக்கு எழுதிக் கொடுத்தவர் இவரேதான். வாசற்படியில் உட்கார்ந்து பூட்ஸ் கயிற்றை அவிழ்க்கப் போனார்.

பெரியவர் நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டு, தெற்கே வானத்தை ஒரு நிமிடம் பார்த்தார்.

"பத்து மணிக்கு விட்ரும். மறுபடி கூப்புடுவானுங்க. பூட்ஸக் கழட்டாத."