நெய்தல் வாசகரும் பங்குக் கோட்பாடும்: ஒரு பூர்வாங்க ஆய்வு

நாவலைப் படித்து முடித்தவர் முதலில் என்ன கேட்கிறார் என்பது திறனாய்வுத் துறை இதுவரை கண்டுகொள்ளாத விஷயம். மற்ற ஊர்களில் ‘ஆசிரியர் என்ன சொல்ல வருகிறார்?’ என்று கேட்பார்கள் போலும். தூத்துக்குடி வாசகர் வட்டம் ஒன்றின் பின்வரிசையில், மின்விசிறிக்கு நேர் கீழே அமர்ந்து திரட்டிய தரவுகள் வேறு கேள்வியைக் காட்டுகின்றன: ‘யாருக்கு எவ்வளவு பங்கு?’

முதல் சான்று, வண்ணநிலவனின் ‘கடல்புரத்தில்’ (1977). மணப்பாட்டுக் கரைக் கதை. வீட்டையும் வல்லத்தையும் விற்கச் சொல்லி நச்சரிக்கும் மகன், மனம் ஒப்பாத அப்பன். மகள் பிலோமிக்காகக் கண்கலங்கியவர்கள் உண்டு. விசாரித்ததில் அவர்கள் கோவில்பட்டியிலிருந்து மாற்றலாகி வந்தவர்கள். கடற்கரைக்காரர்களோ வல்லத்தின் விலையை விட்டு நகரவில்லை.

ஜோ டி குருஸின் ‘கொற்கை’ (2009) ஆயிரம் பக்கத்தைத் தாண்டியது. 2013இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. எத்தனை பேர் முழுக்கப் படித்தார்கள் என்பதை நாகரிகம் கருதிக் கேட்கவில்லை. ஆனால் தோணி வைத்திருந்த குடும்பத்தார் ஒவ்வொருவரும் அதில் வருவது தங்கள் தாத்தாதான் என்றார்கள். நூலிலேயே பங்கு கேட்கும் இந்நிலையைக் கோட்பாட்டின் உச்சம் எனலாம்.

அயல்நாட்டுக் கடலிலும் இதைச் சோதித்தாயிற்று. ஹெமிங்வேயின் கிழவனுக்கு 84 நாள் மீன் படவில்லை. “அத்தனை நாளும் கடன் குடுத்தவன் சும்மாவா இருந்தான், அண்ணாச்சி?” வட்டத் தலைவரிடம் பதில் இல்லை.

ஸ்டைன்பெக்கின் ‘முத்து’ (1947) வந்தபோதுதான் கூட்டம் கலகலத்தது. நாயகன் கீனோ தோணியிலேயே சிப்பியைத் திறக்கிறான். சங்கு குளித்த பெரியவர் ஒருவர் துள்ளி எழுந்தார்: “யாரு திறக்க விட்டா? சோலிய முடிச்சிருப்பாங்கல்லா!” அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. வெள்ளைக்காரன் காலத்தில் இங்கே எடுத்த சிப்பியெல்லாம் மூடியபடியே கரைக்கு வந்தாக வேண்டும். மூன்றில் இரு பங்கு சர்க்காருக்கு, ஒரு பங்கு குளித்தவனுக்கு. ஆயிரம் ஆயிரமாக ஏலம் போகும். ஏலத்தில் எடுத்தவன் அதை நாள்கணக்கில் அழுக விடுவான். ஈப்புழு சதையைத் தின்று தீர்த்தபின் கழுவி, சலித்து, ஆணி முதல் தூள் வரை தரம் பிரிப்பான். நாற்றம் ஊரையே தூக்கும். 1961க்குப் பிறகு முத்துக்குளிப்பும் இல்லை, நாற்றமும் இல்லை. ஆக, இந்தக் கரையில் கீனோவின் கதை இரண்டாம் அத்தியாயத்திலேயே பறிமுதலாகி முடிந்திருக்கும்.

கடைசியில் அவன் முத்தைக் கடலில் வீசுவதை மேலை விமரிசகர்கள் துறவு என்பர். இங்கே, பங்குத் தகராறு முற்றிப்போய்விட்டதாகவே கொள்ளப்பட்டது.

அடுத்த கூட்டத்துக்கு ‘மோபி டிக்’ முன்மொழியப்பட்டது. கப்பலேறும் இஷ்மயேலுக்கு லாபத்தில் முந்நூறில் ஒரு பங்கு என்றதுமே, “அதுக்கு அவன் கரையிலயே கெடக்கலாம்” என்று தோணித் தண்டல் ஒருவர் எழுந்து வெளியே போனார். அதே நேரத்தில் வாசலுக்கு டீ வந்திருந்தது. அது முடிவைப் பாதித்திருக்கக் கூடும்.