நிபந்தனைகளுக்கு உட்பட்டவர்

வீட்டுக்குள் சைக்கிள் மிதிப்பவர்களில் இரண்டு வகை. வியர்த்ததும் இறங்கிக் குளிக்கப் போகிறவர்கள் ஒரு வகை. சென்னை அடுக்ககவாசியான நம்மவர் மற்ற வகை: மிதித்ததை அளப்பவர், அதற்கு முன் அறையை அளப்பவர்.

ஆறு வாரத்துக்கு ஒருமுறை அவர் வீட்டில் ‘எஃப்டிபி டெஸ்ட்’. ஒரு மணி நேரம் தாக்குப்பிடிக்கக்கூடிய உச்ச சக்தி எத்தனை வாட் என்று கண்டுபிடிக்கும் சோதனை. ஒரு மணி நேரம் உயிரை விட யாருக்கு மனசு வரும்? அதனால் 20 நிமிடம் முழுமூச்சாக மிதித்து, சராசரியில் 95 சதவீதத்தை எடுத்துக்கொள்வார்கள். ஹண்டர் ஆலனும் ஆண்ட்ரூ காகனும் எழுதிய புத்தகத்தால் பரவிய முறை இது. அவர்கள் சொன்னது அந்த 20 நிமிடத்துக்கு. முந்தைய 48 மணி நேரத்துக்கான சட்டதிட்டம் நம்மவரின் சொந்தப் படைப்பு.

அந்த இரண்டு நாளும் மாடிப்படி கிடையாது, லிஃப்ட்தான். சோதனைக்கு மூன்று மணி நேரம் முன்பு மூன்று இட்லி. ஒரு மணி நேரம் முன்பு காபி. காபி குடித்தால் சக்தி கொஞ்சம் கூடும் என்பது அவருக்குத் தெரியும். குடிக்கலாமா கூடாதா என்பதல்ல அவர் கவலை. போன தடவை குடித்தோமா என்பதுதான்.

பிறகு அறை. ஏசி 22 டிகிரி, சுவரில் ஈரப்பதமானி, இரண்டு பெடஸ்டல் ஃபேன், அவற்றின் கால் நிற்க வேண்டிய இடத்தில் தரையில் டேப். இதில் நியாயம் இல்லாமலும் இல்லை. ரோட்டில் போனால் எதிர்க்காற்று உடம்பைக் குளிர்விக்கும். அறைக்குள் அது கிடையாது. உடல் செலவழிக்கும் ஆற்றலில் கால்பங்குதான் பெடலுக்குப் போகிறது, மற்றதெல்லாம் சூடு. 240 வாட் மிதிக்கிறவர் 700 வாட்டுக்கு மேல் வெப்பம் கக்குகிறார். வியர்வை காயாத ஊரில் இதயம் எகிறும், வாட் சரியும்.

“என்னங்க, ஏசியும் ரெண்டு ஃபேனும் உங்களுக்கேன்னா, நாங்க ஹால்ல என்ன பண்றது?”

“இருபது நிமிஷம்தானே!” என்பார், காலையிலிருந்து அறையைக் குளிரவைத்துக்கொண்டிருப்பவர்.

அடுத்து எந்திரம், அதாவது சைக்கிளை மாட்டி நின்ற இடத்திலேயே மிதிக்க, வாட்டை அளந்து காட்டும் ட்ரெய்னர். பத்து நிமிடம் மிதித்து, அது சூடான பிறகுதான் கேலிபரேஷன். பின்சக்கரம் ட்ரெய்னரில் உரசும் வகையென்றால் டயர் காற்று மாறினாலே எண் மாறும். இவருடையது பின்சக்கரத்தைக் கழற்றிவிட்டுச் செயினை நேரே மாட்டும் வகை. ஆனாலும் முன்சக்கரத்துக்குக் காற்றடிப்பார். நகரவே போகாத சைக்கிளுக்கு எதற்கு என்றால், “போன தடவை அடிச்சிருந்தேன்.”

எண் ஏறினால் உழைப்பு, இறங்கினால் ஈரப்பதம். ஒருமுறை 14வது நிமிடத்தில் அம்மா கதவைத் தட்டினார்: “டேய், சிலிண்டர்காரன் வந்திருக்கான், ஓடிபி கேக்குறான்!” அன்று போன நான்கு வாட்டும் கேஸ் கம்பெனி கணக்கில் எழுதப்பட்டது.

இந்த முறை 240. போன முறை 237. வீடே அதிர்ந்தது. ப்ளஸ் டூ படிக்கும் மகள் ட்ரெய்னர் வந்த பெட்டியைப் புரட்டிப் பார்த்தாள்.

“அப்பா, ரெண்டு சதவீதம் கூடக்குறையக் காட்டும்னு இதுலயே போட்டிருக்கு. 240க்கு அது கிட்டத்தட்ட அஞ்சு வாட். ஏறினது மூணுதான்.”

நம்மவர் அசரவில்லை. “மெஷின் பொய் சொல்லட்டும்மா. ஆனா எப்பவும் ஒரே பொய்யைச் சொல்லணும். அதுக்குத்தான் இவ்வளவு பாடு.”

யோசித்தால், இந்த சாஸ்திரம் மொத்தமும் அந்த ஒரு வாக்கியம்தான். மகளும் வாயடைத்துப் போனாள்.

கடைசியாக எடை. வாட்டைக் கிலோவால் வகுத்தால்தான் சைக்கிள் கூட்டத்தில் மரியாதை. அன்று காலை எடை மெஷின் காட்டியது 78. நம்மவர் நோட்டில் 75 என்று எழுதி, வகுத்து, 3.2 என்று வட்டமிட்டார்.

“எழுபத்தஞ்சு எப்பப்பா இருந்தது?”

“போன வருஷம் டைஃபாய்டு வந்துச்சே, அப்போ.”