ஆலையிலிருந்து ஆடுகளத்துக்கு

கேள்வி: இங்கிலாந்தின் கால்பந்து வீரர் ஜேமி வார்டி எந்தெந்தக் கிளப்புகளுக்கு ஆடினார்?

பதில்: ஷெஃபீல்ட் வெட்னஸ்டே கிளப் 16 வயதில், உயரம் போதாதென்று வார்டியை வெளியே அனுப்பியது. அடுத்து, ஸ்டாக்ஸ்பிரிட்ஜ் பார்க் ஸ்டீல்ஸ் என்ற உள்ளூர் அணி. அங்கே சம்பளம் வாரத்துக்கு 30 பவுண்டு. பகலில் ஆலை வேலை. 2010இல் ஹாலிஃபாக்ஸ், 2011இல் ஃப்ளீட்வுட். அங்கே ஒரே சீசனில் 31 லீக் கோல்கள்.

2012இல் லெஸ்டர் சிட்டி 10 லட்சம் பவுண்டு கொடுத்து வாங்கியது. ஃபுட்பால் லீக்குக்கு வெளியேயிருந்து வந்த ஒருவருக்கு அதுவரை யாரும் அவ்வளவு தந்ததில்லை. முதல் சீசன் சரியாக அமையவில்லை. ஆட்டத்தையே விட்டுவிட நினைத்தார். நல்லவேளை, விடவில்லை! நாட்டின் உச்ச லீக்கான பிரீமியர் லீக்கில் கால் வைத்தபோது வயது 27. பலர் உச்சத்தைத் தொட்டு முடிக்கும் வயது அது.

2015இல் தொடர்ந்து 11 லீக் ஆட்டங்களில் கோல் அடித்து, வான் நிஸ்டல்ராயின் சாதனையை முறியடித்தார். பத்தைப் பதினொன்றாக்கிய கோல் விழுந்தது, நிஸ்டல்ராயின் பழைய அணியான மான்செஸ்டர் யுனைடெட்டின் வலைக்குள்ளேயே! தடுப்பாட்டக்காரர்களின் முதுகுக்குப் பின்னால் விழும் பந்தை முந்திப் பிடிக்கும் அந்த ஓட்டம்தான் அவரது ஆயுதம். பந்தய நிறுவனங்கள் 5000க்கு 1 என்று ஒதுக்கிய லெஸ்டர், 2016இல் பிரீமியர் லீக் சாம்பியன். அந்தக் கோடையில் ஆர்செனல் அழைத்தும் அவர் போகவில்லை.

33 வயதில் 23 கோல்களுடன், அதிக கோல் அடித்தவருக்கான தங்கக் காலணி விருது, 2021இல் எஃப்.ஏ. கோப்பை. 2023இல் அணி பிரீமியர் லீக்கிலிருந்து கீழிறங்கியபோதும் உடனிருந்து, மறுஆண்டே மேலேற்றினார். 2025இல் லெஸ்டருக்கான தமது 500ஆவது ஆட்டத்தில் 200ஆவது கோலை அடித்து விடைபெற்று, இத்தாலியின் கிரெமோனீஸ் அணியில் சேர்ந்தார்.