புலித்தோல் போர்த்திய பசுக்கள்

தேரா, துபாய்

அன்புள்ள மாமாவுக்கு,

அத்தைக்கு முட்டிவலி தேவலையா? கோடாலித் தைலம் தீர்ந்துவிட்டதாக அம்மா சொன்னாள். அடுத்து ஊருக்கு வருகிற ஆள் கையில் கொடுத்தனுப்புகிறேன்.

தம்பிக்குக் குவைத்துக்கு 'ஃப்ரீ விசா' வந்திருப்பதாகவும், அதற்கு ஏஜெண்டு ஒன்றரை லட்சம் கேட்பதாகவும் சொன்னீர்கள். ஃப்ரீ என்றால் எதற்கடா ஒன்றரை லட்சம் என்று நீங்கள் கேட்காமல் விட்டதுதான் எனக்கு ஆச்சரியம். அதற்கு வருகிறேன். அதற்கு முன்னால், வளைகுடாவில் யார் யாராக உலாவுகிறார்கள் என்று கொஞ்சம் தெரிந்துகொள்ளுங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை ரூமில் பிரியாணிக்கு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தோம். திருநெல்வேலி அண்ணாச்சிக்கு ஒரு போன். "துபாய் போலீஸ் ஹெட்குவார்ட்டர்ஸிலிருந்து பேசுகிறேன்" என்று இந்தியில் அதட்டல். பின்னால் ஃபேன் கடகடக்கிற சத்தம். துபாய் போலீஸில் ஏசி ரிப்பேர் போலிருக்கிறது. "உன் எமிரேட்ஸ் ஐடி இன்றைக்கு பிளாக் ஆகப்போகிறது. உன் நம்பர் 784-ல்தானே ஆரம்பிக்கிறது?" என்றான். புதிதாக வந்தவன் என்றால் இங்கேயே அரண்டுபோவான், நம்பர்கூடத் தெரிந்து வைத்திருக்கிறார்களே என்று. 784 என்பது இந்த நாட்டின் குறியீட்டு எண். இங்கே இருக்கிற அத்தனை பேர் அட்டையும் அதில்தான் ஆரம்பிக்கும், அடுத்த நான்கு இலக்கம் பிறந்த வருஷம். அண்ணாச்சி கத்தியைக் கீழே வைத்தார். "சொல்லு பாய், நானும் போலீஸ்தான். நைஃப் ஸ்டேஷன்" என்றார், அதைவிடப் பெரிய அதட்டலாக. லைன் கட்டாகிவிட்டது. கணக்குப் பார்த்தால் அந்த இரண்டு நிமிஷத்தில் ஆள்மாறாட்டம் செய்தவர்கள் இரண்டு பேர். எங்கள் ஆளுக்கு மட்டும் பிரியாணியில் கூடுதலாக ஒரு பீஸ் கிடைத்தது.

சிரிப்பு ஒருபக்கம் இருக்கட்டும். இந்த மாதிரி போனில் மாதச் சம்பளத்தை மொத்தமாகப் பறிகொடுத்தவர்கள் உண்டு. யார் கேட்டாலும் ஓடிபியைச் சொல்லாதே என்று போலீஸும் வங்கிகளும் தொண்டை வறளச் சொல்லிப் பார்த்தார்கள். கடைசியில் 2025 ஜூலையிலிருந்து வங்கிகள் எஸ்எம்எஸ் ஓடிபியையே படிப்படியாகக் கைவிட்டு, ஆப்பிலேயே அனுமதி கேட்கும் முறைக்கு மாற ஆரம்பித்தன. அடுத்தவர் பேரில் இணையத்தில் போலிக் கணக்கு திறப்பவனுக்கென்று 2021-ல் வந்த சைபர் சட்டத்தில் ஜெயில் உண்டு. அபராதமே 50,000 திர்ஹத்தில்தான் ஆரம்பிக்கிறது, நம்மூர்க் காசில் பதினோரு லட்சத்துக்கு மேல்.

நீங்கள் தமிழ் வாத்தியார், உங்களுக்கே நான் பாடம் எடுக்கக் கூடாது. ஆனாலும் இந்த வேஷம் போடுகிற விஷயத்துக்கு நம்மிடம் எத்தனை வார்த்தை இருக்கிறது பாருங்கள். ஆள்மாறாட்டம் என்பது கோர்ட்டுக்கும் பேப்பர்காரர்களுக்கும் உரியது. 2019-ல் வேறு ஆளை நீட் எழுத வைத்துத் தேனி மெடிக்கல் காலேஜில் ஒரு பையன் சேர்ந்த விவகாரம் வெடித்தபோது, டீக்கடை முழுக்க அந்த ஒரே வார்த்தைதான். பாசாங்கு வீட்டு உபயோகத்துக்கு. ரேஷன் கடைக்குப் போகச் சொன்னதும் நீங்கள் குறட்டை விடுவீர்களே, அதற்கு அத்தை சொல்வது. பந்தா, பில்டப், சீன் போடுவது, படம் காட்டுவது எல்லாம் எங்களை மாதிரி ஆட்களுக்கென்றே நேர்ந்து விட்டவை.

கூடாவொழுக்கத்தில் வள்ளுவர் சொல்வது, புலித்தோலைப் போர்த்திக்கொண்டு மேய்கிற பசுவை. நம் ஜனங்கள் அதை எப்போதோ திருப்பிப் போட்டு, பசுத்தோல் போர்த்திய புலி ஆக்கிவிட்டார்கள். இங்கே வந்த பிறகுதான் எனக்கு இரண்டும் வேண்டும் என்று தெரிந்தது. போனில் வருவது புலி. லீவில் ஊருக்கு வருவது பசு.

அந்தப் பசுவை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். திருச்சி ஏர்போர்ட்டில் கயிறு கட்டிய அட்டைப்பெட்டி, அதில் மார்க்கர் பேனாவால் கொட்டை எழுத்தில் பேர், பத்தடி தூரத்துக்கு அத்தர் வாசனை, கூலிங் கிளாஸ். கழுத்துச் சங்கிலி பாதி நேரம் ரூம்மேட்டுடையது. புர்ஜ் கலிஃபா முன்னால் யாரோ நிறுத்திய காரில் சாய்ந்து எடுத்த போட்டோ கல்யாணத் தரகரிடம் போயிருக்கும். ஆள் இருப்பது சோனாப்பூர் லேபர் கேம்பில், அடுக்குக் கட்டிலில். இந்தியில் சோனாப்பூர் என்றால் தங்க நகரம். அரசாங்கக் கணக்கில் அதன் பேர் முஹைஸ்னா. பேரில்கூடப் படம் காட்டுகிற ஊரில் இருந்துகொண்டு மனுஷன் மட்டும் எப்படி உண்மை பேசுவான்? சேரனின் 'வெற்றிக் கொடி கட்டு' 2000-ல் வந்தபோது, துபாய்க்கே போகாமல் துபாய்க் கதை அளக்கும் வடிவேலுவைப் பார்த்துத் தியேட்டரே உருண்டது. அந்தப் படத்திலேயே, துபாய் வேலை என்று ஏஜெண்டிடம் பணத்தைத் தொலைத்த இரண்டு பேர் கதையும் இருந்தது. அதை யாரும் ஞாபகம் வைத்துக்கொள்ளவில்லை.

இப்போது தம்பியின் விசா. ஃப்ரீ விசா என்று எந்தச் சட்டத்திலும் ஒன்று கிடையாது. பேப்பரில் ஒரு கஃபீல், அதாவது ஸ்பான்சர், வீட்டில் வேலைக்காரன், நிஜத்தில் வெளியே கிடைத்த வேலை, அவ்வளவுதான் அதன் சூட்சுமம். குவைத்தில் 20-ஆம் நம்பர் விசா வீட்டு வேலைக்கு, காதிம் விசா என்பார்கள். கம்பெனி வேலைக்கு 18-ஆம் நம்பர், நம் ஆட்கள் பாஷையில் ஷூன் விசா. 20-ல் போய் சூப்பர் மார்க்கெட்டில் நின்றால், தம்பி அங்கே இருக்கிற அத்தனை நாளும் சமையல்காரனாகவோ தோட்டக்காரனாகவோ நடிக்க வேண்டும். கஃபீலுக்கு மனசு மாறினால் ஓடிப்போனவன் என்று ஒரு கேஸ் கொடுத்துவிடலாம். புலித்தோலாவது பரவாயில்லை, வேண்டாம் என்றால் கழற்றலாம். இந்த வேஷத்தைக் கழற்ற முடியாது. இங்கே எமிரேட்ஸிலும் பெர்மிட் இல்லாத ஆளை வேலைக்கு வைக்கிற முதலாளிக்கு 2024-ல் அபராதத்தை ஒரு லட்சம் முதல் பத்து லட்சம் திர்ஹம் வரை ஏற்றிவிட்டார்கள். அதனால் அந்த விசாவைத் தூக்கிக்கொண்டு இங்கேயும் வர முடியாது.

நீங்கள் செய்ய வேண்டியது இது. அந்த ஏஜெண்டு பதிவு பெற்ற ஆளா என்று மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பாருங்கள். பதிவு பெற்றவனே ஆனாலும் ஜிஎஸ்டி போக 30,000 ரூபாய்க்கு மேல் சர்வீஸ் சார்ஜ் வாங்கக் கூடாது. விசா பேப்பரைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். ரூமில் குவைத்தில் இருந்துவிட்டு வந்த பாய் ஒருவர் இருக்கிறார், அரபி படித்துச் சொல்லிவிடுவார். அதுவரை ஒற்றை ரூபாய் கொடுக்க வேண்டாம்.

தம்பிக்குக் குவைத்தில் மேனேஜர் வேலை என்று அத்தை தெரு முழுக்கச் சொல்லியாகிவிட்டதாம். அதை மட்டும் அப்படியே விட்டுவிடுங்கள், நான் ஒன்றும் சொல்ல மாட்டேன்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மருமகன்