1143ஐ விட 296 பெரிது

பள்ளிக்கூடப் பையன் இப்படிக் கணக்குப் போட்டால் காதைத் திருகுவோம். பிரிட்டிஷ் நாடாளுமன்றம் போட்டது, தீர்மானமாயிற்று.

1769 ஏப்ரல், மிடில்செக்ஸ் தொகுதி. மன்னரையும் மந்திரிகளையும் பத்திரிகையில் வறுத்தெடுத்த ஜான் வில்க்ஸை மக்கள் தேர்ந்தெடுக்கத் தேர்ந்தெடுக்க, சபை கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளிக்கொண்டிருந்தது. அரசாங்கம் தன் ஆளாகக் கர்னல் ஹென்றி லட்ரலை இறக்கியது. அயர்லாந்தில் நிலபுலம், லண்டனில் செல்வாக்கு, கையில் பட்டாளத்துப் பதவி. வில்க்ஸுக்கு 1143 வோட்டு, லட்ரலுக்கு 296. இரண்டே நாளில் வென்றவர் லட்ரல்தான் என்று சபை அறிவித்தது. வோட்டுப் போட்ட முட்டாள்களுக்குத் தங்கள் மனசு தெரியவில்லையாம்; மகாராஜன்கள் திருத்திக் கொடுத்தார்கள்! 1782இல் அந்தத் தீர்மானத்தைக் குறிப்பேட்டிலிருந்து சபையே அடித்தது. அதற்குள் ஐயா பதவிக்காலத்தை முழுசாக அனுபவித்துவிட்டிருந்தார்.

வோட்டில்லாமல் பதவி வாங்கத் தெரிந்தவருக்கு விசாரணையில்லாமல் தண்டனை கொடுப்பதா பெரிய வித்தை? 1795இல், இப்போது கார்ஹாம்ப்டன் பிரபுவாக, கலகத்தை அடக்க அயர்லாந்தின் கன்னாட் மாகாணத்துக்கு வந்தார். சந்தேகம் ஒன்றே போதும். சாட்சி இல்லை, வக்கீல் இல்லை, தீர்ப்பு இல்லை. உருளைக்கிழங்கு தோண்டிக்கொண்டிருந்த குடியானவனைக் கட்டி இழுத்துப்போய்க் கடற்படைக் கப்பலில் ஏற்றினார்கள். வீட்டுக்காரி யாரிடம் போய்க் கேட்பாள்? எந்தக் கோர்ட்டிலும் அவன் பெயரில் வழக்கே கிடையாதே.

ஆள் பிடித்தது சட்டவிரோதம் என்பது டப்ளினில் இருந்த அயர்லாந்து நாடாளுமன்றக் கனவான்களுக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். அதனால்தான் 1796இல், கலகத்தை அடக்குகிறோம் என்று சட்டத்தை மிதித்தவர்கள்மீது யாரும் வழக்குப் போடாதபடி அவசரமாக ஒரு பாதுகாப்புச் சட்டம் செய்தார்கள். குற்றம் முதலில், சட்டம் பிறகு! அதே வருஷம் பிரபுவுக்கு அயர்லாந்துப் படையின் தலைமைத் தளபதி பதவி. அவருக்குப்பின் வந்த ஆபர்க்ராம்பி 1798இல் வெளியிட்ட ஆணையில், இந்தப் படை எதிரியைத் தவிர மற்ற எல்லோரையும் நடுங்கவைக்கும் என்று எழுதினார். உண்மை பேசிய அந்த மனிதர் அதன்பின் பதவியில் சில மாதங்கூடத் தாக்குப்பிடிக்கவில்லை.

பிரபு செத்துவிட்டார் என்று டப்ளின் பத்திரிகை ஒன்று தவறாகப் போட்டதாம். மறுப்புக் கேட்டு அவர் குதிக்க, ‘பொதுமக்களுக்கு ஏமாற்றம்’ என்ற தலைப்பில் மறுப்பு வந்ததாம். அயர்லாந்தில் இப்படி ஒரு கதை சொல்வார்கள்.

1817இல் லட்கர்ஷால் என்ற தொகுதி வழியாகப் பிரபு மறுபடி பிரிட்டிஷ் சபைக்குப் போனார். கொஞ்சமே வாக்காளர்கள், தொகுதியைக் கைக்குள் வைத்திருந்தவன் கைகாட்டுகிறவனே உறுப்பினர். 1821இல் சாகும்வரை மக்கள் பிரதிநிதி.